எங்கள் பட்டப்பெயரின் கிரயப் பத்திரம்

எங்கள் வீட்டுப் பட்டப்பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. பயம் ஒன்றும் இல்லை. எழுதினால் அது இன்னொரு இடத்தில் அச்சாகும். அந்தப் பெருமையை என் கையால் கொடுக்க எனக்கு மனமில்லை.

ஆதாரில் அது கிடையாது. என் கணவர் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, மகள் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, அவ்வளவுதான். பட்டம் என்பது எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையிலும் காதுகுத்து பிளெக்ஸிலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலும் மட்டும் தலைகாட்டும். மற்ற நாளெல்லாம் பீரோவில் கிடக்கும் பட்டு வேட்டி மாதிரி அது பாட்டுக்குக் கிடக்கும். ஆனால் அதற்கு ஒரு சட்டம் உண்டு. ஒரே பட்டம் என்றால் பங்காளி. பங்காளி வீட்டுப் பிள்ளைகள் அண்ணன் தங்கை. அவர்களுக்குள் கல்யாணப் பேச்சே கிடையாது. எனக்கு இது கல்யாணத்தில் வந்து ஒட்டிக்கொண்ட பட்டம். பிறந்த வீட்டில் எனக்கு வேறு பட்டம் இருந்தது. அது என்ன என்று இந்த வீட்டில் இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

அன்னவாசலில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் நான் ஓர் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு கைரேகை மெஷின். பட்டா, சிட்டா, வில்லங்கம், வாரிசுச் சான்று என்று வருவார்கள். ஓடிபி வந்த போனை வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள். தாத்தா பெயரே தெரியாமல் தாத்தா நிலத்தைக் கேட்டு வருவார்கள். தேடிக் கண்டுபிடித்து, 'ஒங்க பாட்டன் பேரு இது' என்று நான் சொல்வேன். ஊரில் பல பேருக்கு முன்னோரை அறிமுகம் செய்துவைத்தவள் நான். கடைசியில் என் மகளுக்கு வந்தபோது அந்த வித்தையெல்லாம் என்ன கிழித்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் மகள் புதுக்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அங்கே லேபில் வேலை பார்த்த பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. இரண்டு வருடப் பழக்கம். எனக்குத் தெரியும். பையன் வீட்டுக்கு வந்திருக்கிறான், 'அத்தை' என்று வாய் நிறையக் கூப்பிட்டு என் கையால் சாப்பிட்டிருக்கிறான். இருவருக்கும் சாதி ஒன்று, வேலை பார்க்கும் இடம் ஒன்று, வயது சரி. முறையாகப் பேச வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில் பையனுடைய தாத்தா இறந்துபோனார். மருத்துவமனையில் கூட வேலை பார்ப்பவர்களோடு என் மகளும் துக்கத்துக்குப் போனாள். திருமயத்தைத் தாண்டி அவர்கள் ஊர் விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கினால், எதிரே கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ். தாத்தா படம், அதற்கு மேலே கொட்டை எழுத்தில் பட்டம்.

அங்கேயிருந்தே எனக்குப் போன் செய்தாள். "அம்மா, நம்ம பட்டம்மா" என்றாள். அதோடு போனை வைத்துவிட்டாள்.

இரண்டு வருடம் பழகியவர்கள் பட்டத்தைக் கேட்டுக்கொள்ளவில்லையா என்று அப்புறம் ஊரே கேட்டது. ஒருத்தனைப் பிடித்துப்போனால் முதலில் அவன் வீட்டுச் சாவு போஸ்டரைப் பார்த்துவிட்டு வா என்றா பெண்ணை வளர்க்க முடியும்?

என் கணவரின் அண்ணன்தான் எங்கள் வீட்டில் எல்லாம். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன், மற்றவர்களுக்கு அவர் பெரியவர். குலதெய்வக் கோயிலில் முதல் பரிவட்டம் அவர் தலைக்குத்தான். திருவிழா அன்று தலையில் அந்தத் துணியைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். விஷயம் அவர் காதுக்குப் போனது. நேரே வந்து உட்கார்ந்தார்.

"அண்ணன் தங்கச்சிம்மா. இத வாயால பேசுறதே பாவம்."

"பட்டம் ஒண்ணா இருந்தா ஆச்சா மாமா? எத்தனையோ ஊருல இந்தப் பட்டம் இருக்கு. எல்லாருமா ஒரே வயித்துல பொறந்தாங்க?"

"மத்த ஊர விடு. அவங்க பாட்டன் நம்ம ஊருலேருந்து அங்கிட்டுப் போனவரு. அவங்களே சொல்றாங்க."

"போனா? கூடப்பொறந்தவருதான்னு என்ன அத்தாட்சி?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. தொடையைத் தட்டினார். "நீதான் கம்ப்யூட்டர்ல கரைச்சுக் குடிச்சவளாச்சே. வேரு வேறன்னு ரெக்கார்டு காட்டு. நானே முன்ன நின்னு தாலி எடுத்துக் குடுக்குறேன்."

என் கணவர் பக்கத்தில்தான் இருந்தார். டீ கிளாஸின் அடியில் என்ன கண்டாரோ, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நல்லவர். ஒருவர் நல்லவராக இருப்பதால் பெற்ற மகளுக்கு என்ன பிரயோஜனம் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

பெரியவர் சொன்னதை நான் வாக்கு என்று எடுத்துக்கொண்டேன். மறுநாளே தேட உட்கார்ந்தேன்.

முதலில் கண்ணில் பட்டது பங்காளிகளின் குடும்ப மரம். எங்கள் பட்டத்துக்காரர்களுக்கு வாட்ஸ்அப் குரூப் ஒன்று உண்டு. காலை வணக்கம், பிறந்தநாள் வாழ்த்து, சாவுச் செய்தி எல்லாம் வரும். அதில் இருக்கும் சிங்கப்பூர்ப் பங்காளி ஒருவர் கோயில் குடமுழுக்கு சமயத்தில் இணையத்தில் ஒரு பக்கம் திறந்து, பட்டத்துக்காரர் எல்லோரையும் ஒரே மரமாகக் கோத்திருந்தார். பையனின் அப்பா அந்த மரத்தைத்தான் போனில் காட்டி, "நெட்டுலயே இருக்கு, பாத்துக்க" என்று மகனிடம் சொல்லியிருக்கிறார்.

திறந்து பார்த்தேன். உண்மைதான். என் கணவரின் தாத்தா ஒரு கிளை. பையனின் கொள்ளுத்தாத்தா ஒரு கிளை. இரண்டுக்கும் மேலே ஒரே தகப்பன். எங்கள் கிளைக்காரர் மூத்தவர், அவர்கள் கிளைக்காரர் இளையவர். அப்படிக் கீழே இறங்கி வந்தால் என் மகளும் அந்தப் பையனும் ஒரே வரிசையில், பக்கத்துப் பக்கத்தில், அண்ணன் தங்கையாக.

அந்த மேலே இருக்கும் தகப்பனுக்குப் பெயர் இல்லை. பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் வெறும் பட்டம் மட்டும் இருந்தது. அந்தக் கட்டத்தை நிரப்பியவள் நான்.

குடமுழுக்குக்கு முன்னால் ஒருநாள், எங்கள் ஊர்ப் பங்காளிகளை அந்த மரத்தில் ஏற்றச் சொல்லி, பெரியவர் ஒரு நோட்டோடு மையத்துக்கு வந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். இந்த இடம் வந்ததும், "இவங்க ரெண்டு பேருக்கும் அப்பா யாரு மாமா?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? பங்காளின்னா அண்ணன் தம்பிதானே. ஒரே ஆளப் போடும்மா."

"பேரு?"

"பட்டத்தப் போடு."

"மூத்தவரு யாரு?"

சிரித்தார். "இத வேற கேக்கணுமா?"

பிறந்த ஆண்டைக் கேட்டு ஒரு கட்டம் வந்தது, பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் போகாது. வெளியே வாரிசுச் சான்றுக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். மனதில் தோன்றிய ஓர் ஆண்டைப் போட்டேன். இல்லாத ஆளுக்கு ஒரு பிறப்பு, இரண்டு மகன்கள். ஐந்து நிமிட வேலை. வெளியாட்களுக்குச் செய்யும்போது ஓர் எழுத்து தவறினாலும் மூன்று முறை சரிபார்ப்பேன். வீட்டு வேலைதானே என்று அன்றைக்கு அலட்சியம்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மகளிடமும் சொல்லவில்லை. ஆதாரத்தைக் கண்டுபிடித்துவிட்டால் தானாகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெறி பிடித்த மாதிரி தேடினேன். மத்தியானம் கூட்டம் குறையும் நேரம் அதற்குத்தான். பட்டாவில் இப்போது யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் தெரியும், பழசு தெரியாது. பழைய வாக்காளர் பட்டியலை ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறார்கள். பாதி எழுத்து மங்கல், பக்கங்கள் கோணல். திருமயம் பக்கத்து ஊர் ஊராகப் பார்த்து, இறந்துபோன அந்தத் தாத்தாவைக் கண்டுபிடித்தேன். அவர் பெயருக்குப் பக்கத்தில் அவருடைய அப்பா பெயர். அதுதான் எனக்கு வேண்டிய கொள்ளுத்தாத்தா. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு எங்கள் ஊர் நிலங்களின் வில்லங்கத்தைச் சர்வே எண் சர்வே எண்ணாக உருட்டினேன். சர்வர் படுத்துக்கொள்ளும். மறுபடி முதலிலிருந்து. நம்பருக்கு நம்பர் மனு போட வேண்டியிருந்தது. இதெல்லாம் அடுத்தவர்களுக்காகத் தினமும் செய்கிற வேலைதான். சொந்த மகளுக்காகச் செய்யும்போது ஒவ்வொரு நம்பரையும் இரண்டு தடவை தட்டினேன்.

மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் பையன் வீட்டில் அவனுக்குப் புத்தி சொல்லிக்கொண்டே இருந்தார்கள். என் மகள் ஷிப்ட் முடிந்து வந்து, "கெடைச்சுதாம்மா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் உள்ளே போய்விடுவாள்.

கிடைத்தது. ஒரு பழைய கிரயப் பத்திரத்தின் நகல். விற்றவர் பையனின் கொள்ளுத்தாத்தா, தகப்பன் பெயரோடும் பட்டத்தோடும். வாங்கியவர் என் கணவரின் தாத்தா. அவருக்குத் தகப்பன் பெயர் வேறு. 'தெற்கேயிருந்து வந்து மேற்படி ஊரில் குடியிருந்துவரும்' என்று எழுதியிருந்தது. அவர் பெயருக்கு முன்னால் பட்டம் எதுவும் இல்லை. நிலத்தோடு, அதற்கு உண்டான கோயில் பங்கும் மரியாதையும் சேர்த்து விற்கப்பட்டிருந்தது. அடுத்த தலைமுறையில் என் மாமனார் எழுதிக்கொடுத்த ஒரு பத்திரத்தைப் பார்த்தால், அதற்குள் பட்டம் அவர் பெயருக்கு முன்னால் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறது.

அண்ணன் தம்பிக்குள் என்றால் பாகப்பிரிவினை இருக்கும். இது கிரயம். தகப்பன் வேறு, ஊர் வேறு, ரத்தம் வேறு. நாங்கள் வந்தேறிகள். பட்டம் அவர்களுடையது. நிலத்தை வாங்கி, கோயில் பங்கை வாங்கி, பெயரை மட்டும் சும்மா எடுத்துக்கொண்டிருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது. மையத்தில் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். பிரிண்ட் எடுத்துக்கொண்டு கணவரையும் கூட்டிக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனேன்.

பெரியவர் பேப்பரை வாங்கினார். எழுத்துக் கூட்டி ரேஷன் கடைச் சீட்டைப் படிக்கவே கண்ணாடி தேடுகிறவர், அன்றைக்குக் கண்ணாடி கேட்கவில்லை. ஒரு தடவை பார்த்துவிட்டு மடித்தார்.

"இது எனக்குத் தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"அப்பா சாகுறப்பச் சொல்லிட்டுத்தான் போனாரு."

"தெரிஞ்சுக்கிட்டா மாமா எம் புள்ளைய அண்ணன் தங்கச்சின்னு சொன்னீங்க? தெரிஞ்சுக்கிட்டா என்னயத் தேடச் சொன்னீங்க?"

"நெட்டுல கெடைக்கும்னு எனக்கு என்ன தெரியும்? இது வெளிய வந்தா நாளைக்குக் கோயில்ல யாருக்குப் பரிவட்டம் கட்டுவான்? யோசிச்சியா?"

"எம் புள்ள வாழ்க்க மாமா."

"ஒம் புள்ளைக்கு வேற மாப்பிள்ளை கெடைப்பான். எனக்கு வேற பட்டம் கெடைக்குமா?"

இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம்கூட இல்லை. நியாயத்தைச் சொல்கிற குரல். என் கணவரைப் பார்த்தேன். அவர் தம் அண்ணன் கையிலிருந்து அந்தப் பேப்பரை வாங்கி என்னிடம் கொடுத்து, "பத்திரமா வையி" என்றார். இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவரைக் கன்னத்தில் அறைய வேண்டும் என்று கை துறுதுறுத்தது அந்த ஒரு தடவைதான்.

பெரியவர் இல்லாவிட்டால் போகட்டும், பையன் இருக்கிறானே என்று நினைத்தேன். பத்திரத்தை அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக்கோடு விழுந்தது. பதில் இல்லை. நாலு நாள் கழித்து மையத்துக்கு வந்தான். பைக்கை நிறுத்திவிட்டு வாசலில் நின்று, செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்தான். அப்புறம் கூப்பிட்டான்.

"சித்தி."

அவன் வேறு எதுவும் சொல்லியிருக்கவே வேண்டாம். மாமியாராகப் போகிறவள் அத்தை. அப்பாவைவிட வயதில் இளைய பங்காளியின் பெண்டாட்டி சித்தி. அவன் படியேறும்போதே முடிவோடுதான் ஏறியிருக்கிறான்.

"படிச்சேன் சித்தி. நீங்க சொல்றது சரிதான். ஆனா வீட்டுல தங்கச்சி தங்கச்சின்னு சொல்லிச் சொல்லி, மனசுல அப்படியே ஒட்டிருச்சு. அவளப் பாத்தா இப்ப ஒரு மாதிரியா இருக்கு."

"ரெண்டு வருஷமா ஒட்டுனது போயிருச்சு, மூணு மாசத்துல ஒட்டுனது போகலையா?"

தலையைக் குனிந்துகொண்டான். வைதேன். நன்றாக வைதேன். ஆதார் திருத்த வந்த ஒரு அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். அவன் அழுதான். அழுதால் எனக்கு இரக்கம் வர வேண்டுமா என்ன? வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

மகளிடம் அவன் வந்ததைச் சொன்னேன். "சித்தின்னா கூப்பிட்டான்?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் வழக்கம்போல் டூட்டிக்குப் போனாள்.

ஒரு வருடம் ஓடியது. அவன் வேலையை விட்டுத் திருச்சிக்குப் போய்விட்டான். போன வாரம் பங்காளிகள் குரூப்பில் அவன் கல்யாணப் பத்திரிகை வந்தது. மேலே கொட்டை எழுத்தில் பட்டம். கீழே வரிசையாகக் கும்பிடு பொம்மைகள். பத்திரிகை வந்ததற்கு எனக்கு ஒன்றுமில்லை. எவனுக்கும் கல்யாணம் ஆகட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவரிடமிருந்து போன் வந்தது.

"பையனுக்குக் கூடப்பொறந்தவ இல்லம்மா. மொத முடிச்சு மாப்பிள்ளை போட்டா, மிச்சம் ரெண்டு முடிச்சு நாத்தனாதானே போடணும். பங்காளி வீட்டுப் பொண்ணு யாராவது வேணும். ஒம் மகள அனுப்பு."

நான் சரியாகத்தான் கேட்டேனா என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"அவங்க கேட்டாங்களா, நீங்க சொன்னீங்களா?"

"நாந்தான் சொன்னேன். மேடையில அவ கையால முடிச்சுப் போட்டுட்டா ஊரு வாய் அடைஞ்சுரும். அவளுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பாக்குறப்ப ஒரு பேச்சு வராதுல்ல. அவ நல்லதுக்குத்தான் சொல்றேன்."

போனை வைத்தேன். வாயில் வந்ததைச் சொன்ன பிறகுதான் வைத்தேன். அதை அச்சில் போட முடியாது.

மகளுக்கு அன்று விடுமுறை. வீட்டில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நான் மையத்துச் சாவியை எடுத்ததும் அவளும் கூடவே வந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஷட்டரைப் பாதிதான் தூக்கினேன். குனிந்து உள்ளே போனோம். கம்ப்யூட்டரைப் போட்டு, கிரயப் பத்திரத்தைக் குரூப்பில் ஏற்றினேன். அடியில் எழுதினேன்: 'என் மகள் இந்த மாப்பிள்ளைக்குத் தங்கை இல்லை. பத்திரத்தைப் படித்துக்கொள்ளுங்கள்.' கும்பிடு பொம்மைகள் சட்டென்று நின்றன. கொஞ்ச நேரத்தில் குரூப்பிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள்.

அடுத்து குடும்ப மரம். அன்றைக்கு ஏற்றுவதற்காகக் கொடுத்த அதன் பாஸ்வேர்டு என் நோட்டில்தான் இருந்தது. மகள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெயரில்லாத தகப்பனுக்கும் எங்கள் கிளைக்கும் நடுவில் இருக்கும் கோட்டைத் தொட்டேன். ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி திறந்து, இந்தப் பதிவைச் சேர்த்தவர் யார் என்று காட்டியது. என் பெயர்.

மகள் குனிந்து படித்தாள்.

"நீயாம்மா போட்ட?"

"நாந்தான். பெரியப்பா சொன்னாரு, நான் தட்டுனேன். உண்மையான்னு யோசிக்கல."

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"தேட உக்காந்த அன்னைக்கே."

நான் அழிக்கும் பொத்தானை அமுக்கினேன். ஓர் எச்சரிக்கை வந்தது. இந்த இணைப்பை நீக்கினால் இதற்குக் கீழே உள்ள அனைவரும் மரத்திலிருந்து நீக்கப்படுவார்கள், தொடரலாமா என்று கேட்டது. கீழே என்றால் என் கணவரின் தாத்தா, என் மாமனார், பெரியவர், என் கணவர், கடைசி வரிசையில் அவள்.

"எம் பேரும் போயிருமா?"

"போயிரும்."

என் கையை விலக்கிவிட்டு மவுஸைப் பிடித்து அவளே அமுக்கினாள். ஒரு நொடி வட்டம் சுற்றியது. அப்புறம் எங்கள் பக்கம் வெறும் வெள்ளையாக இருந்தது. இவ்வளவுதான். மூன்று மாதம் தேட வேண்டியிருக்கவில்லை, பத்திரம் வேண்டியிருக்கவில்லை, பெரியவர் சம்மதம் வேண்டியிருக்கவில்லை. 'நெட்டுலயே இருக்கு' என்று பையனின் அப்பா காட்டிக்கொண்டிருந்தது இந்த ஒரு கோட்டைத்தான்.

"இத அன்னைக்கே பண்ணியிருக்கலாம்லம்மா" என்றாள்.

பண்ணியிருக்கலாம். பண்ணியிருந்தால் இத்தனை நாள் இருந்ததை ஏன் அழித்தாய் என்று கேட்பார்கள், நான் இல்லாத ஆளை உண்டாக்கினேன் என்று சொல்ல வேண்டியிருக்கும், அன்னவாசலில் என் மையத்தை நம்பி யார் வருவார்கள் என்று பயந்தேன். பெரியவருக்குப் பரிவட்டம் மாதிரி எனக்கு இந்தப் பெயர்ப்பலகை. ஒரு வருடமாக அவரை வைதுகொண்டிருந்த வாயை வைத்துக்கொண்டு இதை மகளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, குனிந்து வெளியே போய், நான் வரும்வரை வெயிலில் நின்றாள்.